தரைக்கு அடியில் 30,000 கோடி பேரல், தரைக்கு மேலே பெட்ரோல் வரிசை

கேள்வி இதுதான்: "உலகத்திலேயே அதிக எண்ணெய் வைத்திருக்கிற வெனிசுவேலாவில் மக்கள் பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்றார்களாமே, எப்படி? காரணம் சோஷலிசமா, அமெரிக்கத் தடையா?"

இரண்டுக்கும் பங்கு உண்டு, ஆனால் சம பங்கு கிடையாது. சோஷலிசம்தான் என்று சொல்பவர் கதையை சோஷலிஸ்ட் சாவேஸ் அதிபரான 1999-ல் ஆரம்பிப்பார், தடைதான் என்று சொல்பவர் அமெரிக்கா நிதித் தடை போட்ட 2017-ல் ஆரம்பிப்பார். நான் இன்னும் பின்னால் போகப் போகிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வளைகுடாவில் ஒரு சுத்திகரிப்பு ஆலையில் சில வருடம் வேலை பார்த்தேன். அங்கே வெனிசுவேலாவின் மரகைபோ ஊர்க்காரர் ஒருவர் கூட இருந்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவரோடு போட்ட வாக்குவாதங்களில்தான் இதில் பாதி எனக்குப் புரிந்தது.

முதலில் அந்த எண்ணெய்யைப் பற்றி. வெனிசுவேலாவின் இருப்பு 303 பில்லியன் பேரல், அதாவது 30,300 கோடி. கேட்டால் வாய் பிளக்கும். ஆனால் 2000-களின் நடுவில் இதே நாட்டின் கணக்கு 80 பில்லியன்தான். இடையில் புதிதாக எதையும் தோண்டிக் கண்டுபிடிக்கவில்லை. எண்ணெய் விலை ஏறியதும், எடுத்தால் கட்டுப்படியாகும் என்று சொல்லி, ஓரினோகோ ஆற்றுப் படுகையில் இருந்த மிகக் கனமான கச்சா எண்ணெய்யையும் கணக்கில் சேர்த்தார்கள். சவூதியை முந்தியது இப்படித்தான். சவூதி எண்ணெய் குழாயில் தானாக ஓடும். இது ஆறிப்போன வெல்லப்பாகு மாதிரி. நாப்தா போன்ற லேசான பெட்ரோலியத் திரவம் ஒன்றைக் கலந்தால்தான் குழாயில் நகரும், கப்பலில் ஏறும். கந்தகமும் உலோகமும் அதிகம், எல்லா ஆலையும் இதைத் தொடாது. ஆக, இது பூமியைத் துளைத்தால் காசு கொட்டுகிற சமாச்சாரம் கிடையாது. ஆள், இயந்திரம், உதிரிபாகம், நாப்தா, முதலீடு எல்லாம் ஓயாமல் உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். இந்த நாப்தாவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இப்போது பழைய கதை. 1922 டிசம்பரில் மரகைபோ ஏரிக் கரையில் கபிமாஸ் என்ற ஊரில் பரோசோ 2 என்ற கிணறு பீறிட்டது. ஒன்பது நாள் அடங்கவில்லை. நாளுக்கு ஒரு லட்சம் பேரல் வீதம் வானத்தில் பாய்ந்து ஊர் முழுக்கக் கறுப்பு மழை. அதுவரை காப்பியும் கொக்கோவும் விற்றுப் பிழைத்த நாடு, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் உலகின் முன்னணி எண்ணெய் ஏற்றுமதியாளர் ஆகிவிட்டது. அப்போது ஆண்டவர் குவான் விசென்தே கோமேஸ் என்ற சர்வாதிகாரி. பண்ணையார் பாணி ஆட்சி, எண்ணெய் எடுக்கும் உரிமங்கள் எல்லாம் வேண்டப்பட்டவர்களுக்கு. அரசாங்கம் மக்களிடம் வரி வாங்கிப் பிழைப்பதற்குப் பதிலாக எண்ணெய் வாடகையில் பிழைத்து அதை மேலிருந்து கீழே பங்கு போடுகிற பழக்கம் அன்று ஆரம்பித்தது. அதற்கப்புறம் ஜனநாயகம் வந்தது, 1976-ல் எண்ணெய்யைத் தேசியமயமாக்கி பெதெவெசா என்ற அரசு நிறுவனம் வந்தது, சாவேஸ் வந்தார், அவருக்குப் பிறகு அதிபராக மதுரோ வந்தார். பங்கு போடுகிற கை மாறியதே தவிர பழக்கம் மாறவில்லை.

1970-களில் எண்ணெய் விலை பலமடங்கு ஏறியபோது அந்த நாட்டுக்கு 'சவூதி வெனிசுவேலா' என்றே பெயர். நடுத்தர வர்க்கம் வாரக் கடைசியில் மயாமிக்குப் பறந்து போய்ச் சாமான் வாங்கும். 'தா பராத்தோ, தாமே தோஸ்' என்பது அந்தக் காலத்து வெனிசுவேலாக்காரர்களைக் கிண்டல் செய்கிற வாசகம்: "மலிவா இருக்கே, ரெண்டு குடு." என் மரகைபோ நண்பர் சின்னப் பையனாக இருந்தபோது வீட்டில் எல்லாமே இரண்டிரண்டு இருந்ததாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

எண்ணெய் டாலரால் நாணயம் இப்படி வீங்கிக் கிடந்தால், உள்ளூரில் விளைவிப்பதையும் தயாரிப்பதையும் விட வெளியிலிருந்து வாங்குவது மலிவு. விவசாயி நிலத்தை விட்டுவிட்டு தலைநகர் கராகஸின் மலைச்சரிவில் குடிசை போட்டுக்கொள்வான், நாட்டுக்கு அரிசி, சோளம், மருந்து, உதிரிபாகம் எல்லாமே கப்பலில் வரும். எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் ஓபெக் அமைப்பை 1960-ல் உருவாக்கியவர்களில் ஒருவரான வெனிசுவேலாவின் பெரெஸ் அல்ஃபோன்சோவே பிற்காலத்தில் எண்ணெய்யை 'பிசாசின் கழிவு' என்று திட்டினார்.

1983 பிப்ரவரி 18, வெள்ளிக்கிழமை. டாலருக்கு 4.30 பொலிவார் என்று பல வருடம் அசையாமல் இருந்த நாணயம் அன்று விழுந்தது. எண்ணெய் விலை இறங்கியிருந்தது, நாட்டின் கடன் ஏறியிருந்தது. இன்றும் அதைக் 'கறுப்பு வெள்ளி' என்பார்கள். சாவேஸ் அப்போது சாதாரண இளம் ராணுவ அதிகாரி. சரிவு சோஷலிசத்தோடு வந்தது என்பவர்கள் இந்தத் தேதியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அடுத்தது 1989. கார்லோஸ் ஆந்த்ரேஸ் பெரெஸ் இரண்டாவது முறை அதிபராகிறார். பழைய பொற்காலம் திரும்பும் என்று நம்பி ஓட்டுப் போட்டிருந்தார்கள், பதவியேற்பு விழாவோ முடிசூட்டு விழா போல நடந்தது. மூன்று வாரம்தான். ஐ.எம்.எஃப் (சர்வதேச நாணய நிதியம்) நிபந்தனைகளோடு பெட்ரோல் விலை ஏறியது. பிப்ரவரி 27 காலையில், கராகஸுக்கு வெளியே குவாரெனாஸ் என்ற ஊரில் வேலைக்குப் போக நின்றவர்களிடம் பஸ்காரர்கள் அறிவித்ததற்கும் மேலே கட்டணம் கேட்டார்கள். மாதக் கடைசி, கையில் காசில்லை. முதலில் பஸ் எரிந்தது, பிறகு கடைகள் சூறையாடப்பட்டன, மாலைக்குள் கராகஸ் முழுக்கப் பற்றிக்கொண்டது. ராணுவம் குடிசைப் பகுதிகளில் சுட்டது. அரசு ஒப்புக்கொண்ட சாவு 300-க்குக் கொஞ்சம் குறைவு, பலர் அதைவிடப் பல மடங்கு என்கிறார்கள். பணக்கார நாட்டின் ஏழைகளுக்கும் அந்த அரசுக்கும் இருந்த ஒப்பந்தம் அன்றைக்கே முறிந்துவிட்டது என்பது என் கருத்து. 1992-ல் சாவேஸ் ராணுவப் புரட்சிக்கு முயன்று தோற்று, சரணடையும்போது தொலைக்காட்சியில் ஒரு நிமிடம் போலப் பேசினார், "இப்போதைக்கு" நம் நோக்கம் நிறைவேறவில்லை என்று. அந்த 'இப்போதைக்கு' என்ற ஒரு வார்த்தை அவரை நாடறிந்த ஆளாக்கியது. 1998 டிசம்பரில் 56 சதவீத ஓட்டோடு ஜெயித்தார். அப்போது எண்ணெய் பேரலுக்கு 10 டாலர் பக்கம் கிடந்தது.

சாவேஸைப் பற்றி நியாயமாகப் பேச வேண்டுமென்றால், முதல் பத்து வருடத்தில் ஏழைகளுக்குக் கிடைத்தது பொய்யில்லை. குடிசைப் பகுதிக்குள் முதல்முறையாக கியூபா டாக்டர்கள் வந்து உட்கார்ந்தார்கள், முதியோர் கல்வி நடந்தது, 2003-க்கும் 2012-க்கும் இடையில் வறுமை பாதியாகக் குறைந்தது. அவருக்குக் கோவில் கட்டாத குறையாகக் கொண்டாடியவர்கள் ஏமாளிகள் கிடையாது. என் குறை வேறு. எண்ணெய் 100 டாலருக்கு விற்ற காலத்தில் சேமிக்கவில்லை, அது போகட்டும், அதே காலத்தில் கடனும் வாங்கினார்கள். சீனாவிடம் மட்டும் 60 பில்லியன் டாலர் அளவுக்கு, எண்ணெய்யாகத் திருப்பித் தருவதாகச் சொல்லி. விளைச்சல் அமோகமாக இருக்கும்போதே விதைநெல்லையும் அடகு வைத்த கதை.

அப்புறம் பொன்முட்டை வாத்து. 2002 ஏப்ரலில் சாவேஸை இரண்டு நாள் பதவியிலிருந்து தூக்கினார்கள், திரும்பி வந்துவிட்டார். அதே டிசம்பரில் பெதெவெசா மேலாளர்களும் ஊழியர்களும் அவரை இறக்குவதற்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். இரண்டு மாதம் உற்பத்தி படுத்துவிட்டது. அரசியல் ரீதியில் அது தவறான ஆட்டம், எதிர்க்கட்சி செய்த பெரிய முட்டாள்தனங்களில் ஒன்று. பதிலுக்கு சாவேஸ் சுமார் 18,000 பேரை வேலையிலிருந்து நீக்கினார். நிறுவனத்தில் கிட்டத்தட்ட பாதி. எந்தக் கிணற்றுக்கு எவ்வளவு அழுத்தம் கொடுக்க வேண்டும், எந்த வால்வு எப்போது மக்கர் பண்ணும் என்று கையால் அறிந்தவர்கள் கனடாவுக்கும் கொலம்பியாவுக்கும் வளைகுடாவுக்கும் போனார்கள். அவர்கள் இடத்தில் கட்சி விசுவாசிகள் வந்தார்கள், ஆள் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. 2006-ல் எண்ணெய் அமைச்சர் ரஃபேல் ராமிரெஸ் பெதெவெசா 'ரோஹா ரோஹீதா', அதாவது செக்கச்செவேல் என்று ஊழியர்களிடமே முழங்கினார். கம்பெனி கோழிக்கறி இறக்குமதி செய்தது, வீடு கட்டியது, சமூகத் திட்டங்களுக்குப் பணம் கொடுத்தது. பராமரிப்புக்கு மட்டும் காசில்லை. 2012 ஆகஸ்டில் அமுவாய் சுத்திகரிப்பு ஆலையில் வாயு கசிந்து வெடித்து 40 பேருக்கு மேல் செத்தார்கள்.

ஆனாலும் நாட்டை நிஜமாகக் கொன்றது எது என்று ஒன்றை மட்டும் கேட்டால் நான் டாலர் கவுன்ட்டரைத்தான் சொல்வேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் சோஷலிசம் பற்றிய சண்டையில் இதை யாரும் பேசுவதில்லை.

2003-ல் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு வந்தது. பணம் வெளியே ஓடுவதைத் தடுக்கத்தான், தற்காலிகம் என்றார்கள். இனி டாலர் வேண்டும் என்றால் காதிவி என்ற அரசு அலுவலகத்தில் மனுப் போட வேண்டும், அரசு வைத்த விலையில் கிடைக்கும். 2013 கடைசியில் அந்த விலை 6.30 பொலிவார். கறுப்புச் சந்தையில் 60-ஐ ஒட்டி. இப்போது கணக்குப் போடுங்கள். வெளிநாடு போகிறவருக்குக் கிரெடிட் கார்டில் டாலர் ஒதுக்கீடு உண்டு. 2,000 டாலர் ஒதுக்கீடு வாங்க 12,600 பொலிவார் போதும். ஈக்வடாருக்கோ பெருவுக்கோ போய், கமிஷன் வாங்கிக்கொள்ளும் ஒரு கடையில் கார்டைத் தேய்த்து ரொக்கமாக டாலர் எடுத்து, செலவு போக 1,500 டாலரோடு ஊர் திரும்பினால், 90,000 பொலிவார். அன்றைய மாதக் குறைந்தபட்சச் சம்பளம் 3,000-க்கும் கொஞ்சம் கீழே. ஒரு வாரப் பயணத்தில் இரண்டு வருடச் சம்பளம்! இந்த ஆட்களுக்கு 'ரஸ்பாகூப்போ' என்று பெயர், ஒதுக்கீட்டைச் சுரண்டுபவர். விமான டிக்கெட் மாதக்கணக்கில் கிடைக்காது, ஆனால் விமானத்தில் இருக்கை காலியாக இருக்கும், ஏனென்றால் டிக்கெட்டே ஒதுக்கீட்டுக்காகத்தான் வாங்கியது.

இது சில்லறை ஆட்கள் செய்தது. பெரிய மீன்கள் இறக்குமதி லைசென்ஸ் வைத்திருந்தவர்கள். பத்து டாலர் பொருளுக்கு நூறு டாலர் என்று பில் போட்டு, அல்லது பொருளே கொண்டுவராமல், மலிவு டாலரை வாங்கி வெளியே வைத்துக்கொண்டார்கள். 2012-ல் கொடுத்த சுமார் 60 பில்லியன் டாலரில் 15 முதல் 20 பில்லியன் போலிக் கம்பெனிகளுக்குப் போனது என்று மத்திய வங்கித் தலைவராக இருந்த எத்மே பெத்தாங்கூர்ட்டே சொன்னார். 2010-ல் புவெர்தோ கபெய்யோ துறைமுகத்தில் அரசு இறக்குமதி செய்த உணவு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கண்டெய்னர்களில் அழுகிக் கிடந்தது கண்டுபிடிக்கப்பட்டது. சாப்பாடு வந்து சேருவதில் யாருக்கும் அக்கறை இல்லை, லாபம் டாலர் வாங்கியபோதே முடிந்துவிட்டது. 2015 கடைசியில் அரசு விலை அதே 6.30, கறுப்புச் சந்தை 800-க்கு மேல். இந்த இடைவெளியில் கை நனைக்காமல் இருக்க மகான்களால்தான் முடியும். அமைச்சகங்களில் மகான்கள் குறைவு.

கூடவே விலைக் கட்டுப்பாடு. வெனிசுவேலாவில் சோளமாவு இல்லாமல் அடுப்பு எரியாது, அரேப்பா என்ற ரொட்டிதான் காலையும் இரவும். உற்பத்திச் செலவுக்கும் கீழே மாவின் விலையை நிர்ணயித்தார்கள். ஆலை குறைவாக அரைக்கும், கடைக்கு வந்ததை வாங்கி எல்லை தாண்டிக் கொலம்பியாவில் விற்கிறவன் பணக்காரனாவான். அந்த வியாபாரிகளுக்கு 'பச்சாக்கெரோ' என்று பேர் வைத்தார்கள், தன்னைவிடப் பெரிய இலையைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் போகும் பச்சாக்கோ எறும்பின் பெயர் அது. 2013-ல் அரசு 5 கோடி டாய்லெட் பேப்பர் சுருள் இறக்குமதி செய்யப்போவதாக அறிவிக்க வேண்டியிருந்தது. அடையாள அட்டையின் கடைசி எண்ணைப் பொறுத்து வாரத்தில் எந்த நாள் கடைக்குப் போகலாம் என்று முறை வந்தது. என் நண்பரின் அக்கா விடியற்காலை மூன்று மணிக்கு வரிசையில் போய் நிற்பாராம், முன்கையில் பேனாவால் நம்பர் எழுதிவிடுவார்கள். ஒருநாள் 214 என்று எழுதிய கையைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். கடையில் என்ன வரும் என்று அவருக்கு அப்போது தெரியாது. வந்தது ஷாம்பு.

2013 மார்ச்சில் சாவேஸ் இறந்தார். மதுரோ ஒன்றரை சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார். அடுத்த வருடமே எண்ணெய் 100 டாலரிலிருந்து சரிய ஆரம்பித்து 2016 தொடக்கத்தில் 30-க்கும் கீழே போனது. வெளிநாட்டுக் கடனைக் கட்டிக்கொண்டே இறக்குமதியை வெட்டினார்கள், பட்ஜெட் ஓட்டைக்கு நோட்டு அடித்தார்கள். கடைக்காரர்கள் நோட்டை எண்ணாமல் தராசில் போட்டு எடை பார்த்த காலம் அது. அரசின் மத்திய வங்கியே பின்னால் ஒப்புக்கொண்ட 2018-ம் வருடப் பணவீக்கம் 1,30,060 சதவீதம். 2008-ல் மூன்று பூஜ்யம், 2018-ல் ஐந்து, 2021-ல் ஆறு என்று மொத்தம் 14 பூஜ்யத்தை வெட்டி எறிந்தார்கள். அதாவது, 2007-ல் கையில் கோடி கோடி பொலிவார் இருந்தவருக்கு 2021-ல் ஒரே ஒரு பொலிவார். நாட்டின் மொத்த உற்பத்தி 2013-க்குப் பிறகு நாலில் ஒரு பங்காகச் சுருங்கியது. போர் நடக்காத ஒரு நாட்டில் இந்த அளவு சரிவு சமீப வரலாற்றில் கிடையாது.

சரி, தடை. 2017 ஆகஸ்டில் அமெரிக்கா நிதித் தடை போட்டது, புதுக் கடன் வாங்க முடியாது. அப்போது உற்பத்தி நாளுக்கு 20 லட்சம் பேரலுக்குச் சற்றுக் கீழே. சாவேஸ் வந்தபோது அது 30 லட்சத்துக்கு மேல். ஆக, முதல் பத்து லட்சம் போனதற்குத் தடையைக் காரணம் சொல்ல முடியாது. ஆனால் அதற்கப்புறம் விழுந்த வேகம் வேறு மாதிரி: 2019 ஜனவரியில் 11, 12 லட்சம், 2020 நடுவில் 4 லட்சத்துக்கும் கீழே. 2017 நவம்பரில் எண்ணெய் அனுபவமே இல்லாத மனுவேல் கெவேதோ என்ற ராணுவ ஜெனரலை பெதெவெசா தலைவராக மதுரோ நியமித்ததும் இதே காலம்தான், எனவே எது எவ்வளவு என்று பிரிப்பதில் பொருளாதார நிபுணர்களுக்குள் இன்னும் அடிதடி. 2019 ஜனவரித் தடையில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதுவரை நாளுக்கு 5 லட்சம் பேரல் போல வாங்கிக்கொண்டிருந்த, ரொக்கமாகக் காசு கொடுத்த மிகப் பெரிய வாடிக்கையாளர் அமெரிக்கா. நாப்தா விற்றதும் அமெரிக்காதான். அந்த வெல்லப்பாகு ஞாபகம் இருக்கிறதா? இளக்க ஒன்றுமில்லாமல் அது அங்கேயே நின்றுவிட்டது.

உங்கள் பெட்ரோல் வரிசைக்கு நேரடி பதில் இங்கேதான் இருக்கிறது. பரகுவானா சுத்திகரிப்பு வளாகம் நாளுக்கு 9 லட்சம் பேரலுக்கு மேல் சுத்திகரிக்கக் கூடியது, உலகின் பெரியவற்றில் ஒன்று. பராமரிப்பு இல்லாமல், உதிரிபாகம் இல்லாமல், மின்சாரம் நிலையாக இல்லாமல் (2019 மார்ச் 7-ல் நாடே இருண்டது, பல இடங்களில் ஐந்து நாள் வரை) அது ஏறக்குறைய நின்றே போனது. முன்பு பெட்ரோல் கிட்டத்தட்ட இலவசம், 2016 வரை லிட்டர் 0.097 பொலிவார், இருபது வருடமாக ஏற்றவே இல்லை. 1989-ன் பயம் எந்த அரசையும் விடவில்லை. இலவசமாக இருந்ததால் லாரி லாரியாகக் கொலம்பியாவுக்குக் கடத்தினார்கள். கடத்தியது போக மீதியும் ஆலை நின்றதால் இல்லாமல் போன பிறகு, 2020 மே மாதம் ஈரானிலிருந்து ஐந்து கப்பலில் பெட்ரோல் வந்தது. ஓபெக்கை ஆரம்பித்த நாடு, கப்பல் துறைமுகத்தை நெருங்கியதற்கு அரசுத் தொலைக்காட்சியில் கொண்டாடியது.

இவ்வளவு நடந்தும் அப்போது ஆட்சி ஏன் விழவில்லை என்று கேட்பீர்கள். 2015 தேர்தலில் எதிர்க்கட்சிகள் 167-ல் 112 இடம் பிடித்தன. அந்த நாடாளுமன்றத்தை உச்ச நீதிமன்றத்தை வைத்து முடக்கி, 2017-ல் தனியாக ஓர் அரசியல் நிர்ணய சபையையே உருவாக்கினார் மதுரோ. தெருப் போராட்டத்தில் நூற்றுக்கு மேல் செத்தார்கள். 2019-ல் எதிர்க்கட்சித் தலைவர் குவான் குவாய்தோவை ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதிபர் என்று ஏற்றன, ஆனால் ஒரு படைப்பிரிவுகூட அவர் பக்கம் வரவில்லை. ஏன் வரும்? 2016-லிருந்து உணவு விநியோகமே ராணுவத்தின் கையில், அரிசிக்கு ஒரு ஜெனரல், மாவுக்கு ஒரு ஜெனரல் என்று. எண்ணெயும் சுரங்கமும் அவர்களிடமே. டாலர் கவுன்ட்டரின் சாவி சீருடைக்காரர் இடுப்புக்குப் போய்விட்டது. 2024 ஜூலைத் தேர்தலில் மதுரோ ஜெயித்தார் என்று தேர்தல் ஆணையம் வாக்குச்சாவடி விவரம் எதுவும் தராமல் அறிவித்தது. எதிர்க்கட்சி எண்பது சதவீதத்துக்கு மேற்பட்ட சாவடிகளின் பதிவுச்சீட்டுகளை இணையத்தில் போட்டு, தன் வேட்பாளர் எத்முந்தோ கொன்சாலெஸுக்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு என்று காட்டியது. அதற்குப் பின் நடந்ததெல்லாம் தனிக் கதை, இந்தக் கேள்விக்கு வெளியே.

இந்தியாவுக்கு இதில் என்ன என்றும் சிலர் கேட்கிறார்கள். இந்தக் கனமான எண்ணெய்யைத் தின்னக் கூடிய ஆலைகள் உலகத்தில் கொஞ்சம்தான், அதில் குஜராத்தின் ஜாம்நகர் ஆலை முக்கியமானது, அதனால் நாம் ஒரு காலத்தில் பெரிய வாடிக்கையாளர். ஓஎன்ஜிசி விதேஷுக்கு ஓரினோகோவில் சான் கிறிஸ்தோபல் வயலில் 2008-லிருந்து 40 சதவீதம் பங்கு உண்டு, அதன் லாபப் பங்கில் பல நூறு மில்லியன் டாலர் வருடக்கணக்கில் அங்கேயே மாட்டிக்கொண்டது.

மறுபடி எழுந்து வருமா? 2022 கடைசியில் அமெரிக்கா தன் எண்ணெய் நிறுவனமான செவ்ரானுக்குத் தடையில் கொஞ்சம் சலுகை கொடுத்த பிறகு உற்பத்தி மெல்ல ஏறி 2024-ல் 9 லட்சம் பேரல் பக்கம் வந்தது. டாலரும் தெருவில் புழங்க ஆரம்பித்து, காசு உள்ளவனுக்குக் கடையில் எல்லாம் கிடைத்தது, 130 பொலிவார் குறைந்தபட்சச் சம்பளக்காரனுக்குக் கிடைக்கவில்லை. பழைய நிலைக்குப் போகப் பல்லாயிரம் கோடி டாலரும் பல வருடமும் வேண்டும். பணம்கூட யாராவது போடுவார்கள். எழுபத்தேழு லட்சத்துக்கு மேல் வெளியேறியிருக்கிறார்கள், அதில் வால்வைத் தொட்டுப் பார்த்தே வியாதி சொல்லத் தெரிந்தவர்களும் உண்டு. என் நண்பரிடம் திரும்பிப் போவீர்களா என்று கேட்டேன். அக்காவும் இப்போது சிலியில் இருக்கிறார், மரகைபோ வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றார். அப்புறம் ஷிப்ட் மணி அடித்தது, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.